வெயிலா, தட்டா, சொட்டா? குழந்தைக்கு வைட்டமின் டி எந்த வழியில்

என் மகளுக்கு நாலு மாதம் ஆகியிருந்தபோது வைட்டமின் டி சொட்டு மருந்து தீர்ந்துபோனது. மருந்துக் கடையில் அதே பெயரில் இல்லை. "இதுவும் அதேதான்" என்று வேறு பாட்டிலைக் கொடுத்தார்கள். நானும் பழைய பழக்கத்தில் தினமும் டிராப்பரில் 1 மில்லி எடுத்து வாயில் விட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது நாள், குழந்தை தூங்கிய பிறகு பாட்டிலைச் சும்மா கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் அந்தப் பொடி எழுத்து கண்ணில் பட்டது: ஒரு மில்லிக்கு 800 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு). பழைய பாட்டிலில் ஒரு மில்லிக்கு 400. ஒன்பது நாளாக இரட்டை அளவு போயிருக்கிறது.

காலையில் முதல் வேலையாக மருத்துவரைக் கூப்பிட்டேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1000 ஐ.யு. வரைதான் உச்சவரம்பு, நீங்கள் அதைத் தாண்டவில்லை, இன்றிலிருந்து அரை மில்லி கொடுங்கள் என்றார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் தூங்காமல் கழிந்த அந்த ராத்திரியில் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. இந்தச் சொட்டை எதற்காகக் கொடுக்கிறேன், வேறு வழியே இல்லையா?

கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வெயிலில் கொஞ்ச நேரம் காட்டினாலே போதும், மருந்து எதற்கு என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஒரு தோழி தன் பையனுக்கு மாதம் ஒரு தடவை பெரிய டோஸாகக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். முட்டையும் மீனும் சாப்பிட ஆரம்பித்தால் தானாக வந்துவிடும் என்றார் இன்னொருவர். முதலில் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்றார் நாலாமவர். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. யார் சொன்னது எந்த வயதுக் குழந்தைக்குப் பொருந்தும் என்பதில்தான் சிக்கல்.

எதற்காக வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்

வளரும் குழந்தையின் நீள எலும்புகளின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மெல்லிய குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. அங்கே செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். பின்னாலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் வந்து படிந்து, அந்த அடுக்கைக் கெட்டியான எலும்பாக்கும். வைட்டமின் டி குறைந்தால் இந்த இரண்டாவது வேலை நின்றுபோகிறது. செங்கல் அடுக்கிக்கொண்டே போகிறார்கள், சிமென்ட் மட்டும் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் உயர்கிறது, உறுதி இல்லை. மணிக்கட்டு பருத்துத் தெரியும். விலா எலும்புகள் குருத்தெலும்போடு சேரும் இடங்களில் மணி கோத்தது போல முண்டுகள் வரும். உச்சிக்குழி மூட நாளாகும், பல் தாமதமாக முளைக்கும். குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கியதும் உடலின் பாரம் தாங்காமல் கால்கள் வளையும். இதுதான் ரிக்கெட்ஸ். கைக்குழந்தைகளிடம் எலும்பு வளைவதற்கு முன்பே ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பாக வெளிப்படுவதும் உண்டு. அரிதாக இதயத் தசையே தளர்ந்துபோகும்.

வைட்டமின் டி தானாக எலும்பைக் கட்டுவதில்லை. குடலின் கதவைத் திறந்துவிடுவதே அதன் முக்கிய வேலை. அது போதாதபோது, சாப்பிட்ட கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் உடலில் சேர்கிறது. போதுமான அளவு இருந்தால் 30 முதல் 40 சதவீதம் வரை சேரும். தோலிலிருந்து வந்தாலும் வாயிலிருந்து வந்தாலும் அது முதலில் கல்லீரலுக்குப் போய் ஒரு வடிவம் மாறி, பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு வடிவம் மாறித்தான் வேலைக்கு வருகிறது. எந்த வாசல் வழியாக வந்தது என்று எலும்பு கேட்பதில்லை.

இது இன்று நேற்று தெரிந்த சங்கதி அல்ல. 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் ரிக்கெட்ஸ் உள்ள குழந்தைகளுக்குப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியைக் காட்டினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோதும் இரண்டு கைகளின் எலும்புகளும் தேறின. தோலில் உண்டான ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து போகிறது என்பது அதில் தெரிந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளிடம் காட் மீன் ஈரல் எண்ணெய் ரிக்கெட்ஸைத் தடுப்பதைக் காட்டினார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு வியன்னாவுக்குப் போன பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹாரியட் சிக்கின் குழு, எண்ணெயும் சூரிய ஒளியும் இரண்டுமே குழந்தைகளைக் குணப்படுத்துவதை ஒரே மருத்துவமனையில் பார்த்தது. ஆக, வெயிலா சொட்டா என்ற ஒப்பீட்டை நூறு வருடத்துக்கு முன்பே ஒரு தடவை நடத்தி முடித்துவிட்டார்கள். இரண்டும் வேலை செய்யும். வீட்டில் எது ஒழுங்காக நடக்கும் என்பதுதான் நம் கேள்வி.

வெயில்

மனசுக்குப் பிடித்த வழி இதுதான். காசு இல்லை, கசப்பு இல்லை. இன்னொரு பெரிய வசதியும் உண்டு. வெயிலால் வைட்டமின் டி அளவுக்கு மீறிச் சேராது. தோலில் தேவைக்கு மேல் உருவாகும் முன்பொருளை அதே ஒளி வேறு உதவாத பொருள்களாக மாற்றிவிடுகிறது. தோலுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு பாட்டிலுக்குத் தெரியாது.

ஆனால் வெயில் என்றால் எல்லா வெயிலும் அல்ல. வைட்டமின் டி உண்டாக்குவது 290 முதல் 315 நேனோமீட்டர் வரையிலான புற ஊதா பி கதிர். சூரியன் தாழ்வாக இருக்கும்போது இந்தக் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் பயணித்துப் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். அதனால் விடிந்த கையோடு வரும் இளவெயில் இதமாக இருக்கும், வைட்டமின் டி மட்டும் கிடைக்காது. பெரியவர்கள் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லாத ஒரே இடம் இதுதான். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், குழந்தையின் நிழலைப் பார்த்தால் போதும். நிழல் குழந்தையின் உயரத்தைவிட நீளமாக இருந்தால் உற்பத்தி சொற்பம். உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் நடக்கிறது. என் மகள் இப்போது நடக்கிற வயதில் இருக்கிறாள். வாசலில் அவள் நிழலின் தலைப்பக்கம் ஒரு கல்லை வைத்துவிட்டு, அவளை அதே இடத்தில் படுக்கவைத்து அளந்து பார்த்தோம். காலை எட்டு மணிக்கு நிழல் அவளைவிட ஒன்றரை மடங்கு நீளம். பதினொன்றுக்கு அவள் இடுப்பளவுகூட இல்லை.

இதில்தான் பிரச்சினையும் இருக்கிறது. நிழல் குட்டையாகும் நேரமும் தோல் கருகும் நேரமும் ஒன்றே. ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தையை நேரடி வெயிலில் வைக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. ஆக, வைட்டமின் டி மிக அவசரமாகத் தேவைப்படும் வயதில்தான் வெயில் வழி அடைபட்டிருக்கிறது.

எத்தனை நிமிடம் என்று கேட்டால் எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. நிறமிதான் முதல் காரணம். கருத்த தோலில் உள்ள மெலனின் அதே கதிரை உறிஞ்சிக்கொள்வதால் வெளுத்த தோலைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். உடை எவ்வளவு மூடியிருக்கிறது, மேகம், புகை, தூசு, ஊர் இருக்கும் அட்சரேகை எல்லாம் சேர்ந்துகொள்ளும். நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் ஊர்களில் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் தோல் எதையுமே தயாரிக்காது. ஜன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடும் என்பதால், ஜன்னலோரத்தில் தொட்டிலைப் போட்டுவிட்டு வெயில் காட்டியதாக நினைப்பது கணக்கில் சேராது.

இணையத்தில் அடிக்கடி அடிபடும் ஒரு எண்ணைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வாரத்துக்கு அரை மணி நேரம் டயப்பர் மட்டும் போட்டு வெயிலில் வைத்தால் போதும், அல்லது தொப்பியில்லாமல் உடையோடு இரண்டு மணி நேரம் போதும் என்பார்கள். இது 1985இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தாய்ப்பால் மட்டும் குடித்த வெள்ளைக்காரக் குழந்தைகளிடம் செய்த ஆய்விலிருந்து வந்தது. அந்த ஆய்வு ரத்தத்தில் எட்டிப்பிடிக்கப் பார்த்த வைட்டமின் டி அளவு மில்லிக்கு 11 நேனோகிராம். இன்று 12க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்கிறார்கள்! அந்த ஊர் வெயில், அந்தத் தோல், அந்தக் காலத்து இலக்கு மூன்றையும் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஓடி விளையாடுகிற குழந்தைக்கு நிலைமை வேறு. தினமும் வெளியில், கை கால் தெரிய, நிழல் குட்டையாகும் நேரத்தில் கொஞ்சமாவது திரிகிற குழந்தைக்கு வெயில் பெரும்பங்கைத் தந்துவிடும். அதுவும் தோல் சிவக்கும் முன் போதும், கருக வேண்டியதில்லை. வீடு, வாகனம், வகுப்பறை, மறுபடி வாகனம், வீடு என்று நாள் முழுக்கக் கூரைக்குள் போகிற குழந்தைக்கு வெளியே எவ்வளவு சுட்டெரித்தாலும் பயனில்லை.

தட்டில் கிடைப்பது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இயற்கையாக வைட்டமின் டி உள்ள உணவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: கொழுப்பு மிகுந்த கடல் மீன்கள், மீன் ஈரல் எண்ணெய், முட்டை மஞ்சள் கரு, புற ஊதா ஒளி காட்டிய காளான். ஒரு முட்டையில் சுமார் 40 ஐ.யு. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு நாளைக்கு 600 ஐ.யு. என்ற பரிந்துரையை முட்டையால் நிரப்பப் பதினைந்து முட்டை வேண்டும். கணக்கு அதோடு முடிந்தது. வாரம் இரண்டு மூன்று தடவை கொழுப்பு மீன் சாப்பிடும் வீட்டில் கதை மாறும். ஆனால் அதைத் தொடர்ந்து விரும்பிச் சாப்பிடும் மூன்று வயதுக் குழந்தை யார் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் போய்ப் பார்க்க ஆசை.

ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏயும் சேர்ந்து வரும். டிக்காக அளவைக் கூட்டினால் ஏ மிஞ்சிவிடும். அதனால் அதைக் கைக்கு வந்தபடி ஊற்றக் கூடாது.

செறிவூட்டிய பால், மாவு வகைகள் இருக்கும் இடங்களில் உணவு வழி நிஜமான தேர்வாகிறது. பின்லாந்து 2003இல் பாலிலும் தடவும் கொழுப்பிலும் வைட்டமின் டி சேர்க்கத் தொடங்கி, 2010இல் அளவை இரட்டிப்பாக்கியது. மக்களின் ரத்த அளவு நன்றாகவே ஏறியது. குழந்தைக்கான ஃபார்முலா பாலிலும் சேர்த்திருப்பார்கள். நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும் குழந்தைக்கு அதிலேயே 400 ஐ.யு. வந்துவிடும். பாதி தாய்ப்பால், பாதி ஃபார்முலா என்றால் வராது. செறிவூட்டுவதும் அளவோடு இருக்க வேண்டும் என்பதை பிரிட்டன் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. 1950களில் பால் பவுடர், குழந்தை உணவு, ஈரல் எண்ணெய் எல்லாவற்றிலிருந்தும் சேர்ந்து குவிந்ததில் சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் எகிறியது. அதன்பிறகுதான் சேர்க்கும் அளவைக் குறைத்தார்கள்.

தினமும் சொட்டு

தாய்ப்பால் எல்லாவற்றிலும் சிறந்தது என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு. ஒரு லிட்டருக்குப் பெரும்பாலும் 80 ஐ.யு.கூடத் தேறாது. இது தாய்ப்பாலின் குற்றமில்லை. மனிதக் குழந்தைக்கு டி வெயிலிலிருந்து வரும் என்ற கணக்கில் உடல் இப்படி அமைந்திருக்கிறது. நாம்தான் கூரைக்குள் வந்துவிட்டோம்.

அதனால்தான் பிறந்த சில நாள்களிலிருந்து தினமும் 400 ஐ.யு., அதாவது 10 மைக்ரோகிராம் கொடுக்கச் சொல்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2008இலும், பல நாட்டு வல்லுநர்கள் கூடி ரிக்கெட்ஸ் பற்றி எழுதிய ஒருமித்த அறிக்கை 2016இலும் இதே எண்ணைத்தான் சொன்னது. அந்த அறிக்கை ஒரு வயதுவரை எல்லாக் குழந்தைக்கும், எந்தப் பால் குடித்தாலும் சரி, இதைச் சொல்கிறது. ஒரு வயதுக்குமேல் உணவாலோ மருந்தாலோ 600 ஐ.யு., அதாவது 15 மைக்ரோகிராம்.

400க்குப் பதில் இன்னும் கூடக் கொடுத்தால் இன்னும் நல்லதா? பின்லாந்தில் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வயதுவரை ஒரு கூட்டத்துக்கு 400, இன்னொரு கூட்டத்துக்கு 1200 ஐ.யு. கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவில் எலும்பு வலுவில் வித்தியாசம் இல்லை. எனவே கூட்டிக் கொடுப்பதில் லாபமில்லை.

சொட்டின் பலவீனம் அதை ஊற்றும் கைதான். அதன் வேதியியலில் குறை கிடையாது. ஒரு தயாரிப்பில் 1 மில்லியில் 400, இன்னொன்றில் அரை மில்லியில் 400, வேறொன்றில் ஒரே ஒரு சொட்டில் 400. ஒரு சொட்டு மருந்தை ஒரு மில்லி என்று நினைத்து ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மில்லியில் முப்பது சொட்டு அளவுக்கு இருக்கும், குழந்தைக்கு 400க்குப் பதில் 12,000 போகும். இப்படித் தவறுகள் நடந்ததால்தான் 2010இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், 400 ஐ.யு.க்குமேல் பிடிக்காத டிராப்பரைத்தான் பாட்டிலோடு கொடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. அளவு மிஞ்சுவது ஒரு நாளில் தெரியாது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் குழந்தை வாந்தி எடுக்கும், மலம் இறுகும், தாகம் எடுத்து அடிக்கடி சிறுநீர் போகும், சோர்ந்து படுக்கும். சிறுநீரகத்தில் கால்சியம் படிவதும் உண்டு.

நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் சேரும் வைட்டமின் டியின் பாதி குறைய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே ஒரு நாள் மறந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கொழுப்பில் கரைவது என்பதால் பால் குடிக்கும் நேரத்தோடு சேர்த்துக் கொடுப்பது வசதி. பாட்டில் பாலில் கலந்துவிட்டால் மீதம் வைக்கும் பாலோடு மருந்தும் மீதமாகும். அதனால் கன்னத்தின் உள்பக்கமாக வாயில் விடுவதே மேல்.

பெரிய டோஸ்

தோழியின் வழி. வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை, சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மறதிக்காரர்களுக்கு இது ஈர்ப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது. ரிக்கெட்ஸ் உறுதியான குழந்தைக்குச் சிகிச்சையாக மருத்துவர் பெரிய டோஸ் கொடுப்பது வேறு. திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்கு அது உதவியும் இருக்கிறது. அந்தச் சிகிச்சையில்கூட 2016 அறிக்கை தினசரி வழியையே முதலில் வைக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே நாளைக்கு 2000 ஐ.யு., குறைந்தது மூன்று மாதம், கூடவே கால்சியம்.

நோயில்லாத குழந்தைக்குத் தடுப்பாகப் பெரிய டோஸ் என்றால் நான் தயங்குகிறேன். கிழக்கு ஜெர்மனியில் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதத்துக்கு ஒருமுறை 6 லட்சம் ஐ.யு. கொடுத்துவந்தார்கள். 1980களில் அந்தக் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தபோது கணிசமானவர்களுக்கு டோஸ் போன கையோடு கால்சியம் அதிகமாகியிருந்தது. இன்று யாரும் அந்த அளவுக்குப் போவதில்லைதான். ஆனாலும் ஒரே டோஸில் நடக்கும் பிழை பெரிய பிழை என்பது மாறவில்லை. பெரியவர்களுக்கான 60,000 ஐ.யு. மாத்திரையை மாதத்துக்குப் பதில் தினமும் விழுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். வீட்டில் பெரியவர்களுக்கான மாத்திரை இருந்தால் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வாரம் ஒருமுறை என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பள்ளிக்கூட வயதில், மருத்துவர் அளவு சொன்னால், அது நடைமுறைக்கு ஒத்துவரும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கும்போது என்று ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிட்டால் மறக்காது.

தாய்க்குக் கொடுத்தால் குழந்தைக்கு வருமா?

வரும், ஆனால் நிறையக் கொடுக்க வேண்டும். பாலூட்டும் தாய்க்கு நாளைக்கு 6400 ஐ.யு. கொடுத்தால் பாலின் வழியாகவே குழந்தைக்குப் போதுமான அளவு போய்ச் சேர்கிறது, குழந்தைக்கு நேரடியாக 400 கொடுத்ததற்கு ஈடாக இருக்கிறது என்று 2015இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வாயில் எதை விட்டாலும் துப்பிவிடும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது நல்ல மாற்றுவழி. மருத்துவரிடம் கேட்காமல் தாய் தானாகத் தொடங்கும் அளவு இது இல்லை. கர்ப்பத்தில் தாயிடம் குறைவாக இருந்தால் குழந்தை பிறக்கும்போதே கையிருப்பு குறைவாகத்தான் இருக்கும். அதனால் இந்தப் பேச்சைப் பிரசவத்துக்கு முன்பே தொடங்கலாம்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கலாமா

ஆரோக்கியமாக இருக்கும் குழந்தைக்கு வேண்டாம் என்பதுதான் இப்போதைய போக்கு. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட எண்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டி, ஒன்று முதல் 18 வயதுவரை ரிக்கெட்ஸைத் தடுக்க வைட்டமின் டி கொடுக்கலாம் என்கிறது. ஆனால் எல்லோருக்கும் வழக்கமாக ரத்தப் பரிசோதனை செய்வதை அது பரிந்துரைக்கவில்லை. 400 ஐ.யு. எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம் என்றால் ஊசி குத்தி என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

பார்க்க வேண்டிய குழந்தைகள் உண்டு. மணிக்கட்டு பருத்திருக்கிறது, நடை தாமதமாகிறது, வலிப்பு வந்தது, காரணமில்லாமல் எலும்பு முறிகிறது என்றால் பார்க்க வேண்டும். ஃபீனிட்டாயின், ஃபீனோபார்பிட்டால் போன்ற வலிப்பு மருந்துகளை நெடுநாளாகச் சாப்பிடும் குழந்தை, குடலில் சத்து சரியாகச் சேராத குழந்தை, கல்லீரல் அல்லது சிறுநீரக நோயுள்ள குழந்தை ஆகியோருக்கும் அவசியம். அப்போது ரத்தத்தில் வைட்டமின் டி இருப்பைக் காட்டும் 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டியோடு கால்சியம், பாஸ்பேட், அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஆகியவற்றையும் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். மில்லிக்கு 20 நேனோகிராமுக்குமேல் போதுமானது, 12க்குக் கீழே குறைபாடு, இடையில் இருந்தால் பற்றாக்குறை. சில ஆய்வகங்களில் 30க்குக் கீழே எல்லாவற்றையும் சிவப்பில் அச்சடித்துத் தருவார்கள். 24 என்று வந்த தாளைப் பார்த்துக் கலங்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். எலும்பைப் பொறுத்தவரை அந்தக் குழந்தைக்கு ஒன்றுமில்லை.

வளைந்த காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வயதுவரை கால் கொஞ்சம் வளைந்திருப்பது இயல்பு. அப்புறம் மூன்று நாலு வயதில் முழங்கால்கள் உள்பக்கம் இடிக்கும், ஏழு வயதுக்குள் பெரும்பாலும் நேராகும். ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, வளைவு நாளுக்கு நாள் கூடினாலோ, குழந்தை குள்ளமாகவும் இருந்தாலோ காட்ட வேண்டும்.

உயரத்துக்காகக் கொடுக்கிறீர்களா?

அதிகம் பேர் மனசில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாத காரணம் இது. வைட்டமின் டி உயரத்துக்கான டானிக் அல்ல. ரிக்கெட்ஸ் வந்த குழந்தையின் வளர்ச்சி சிகிச்சையால் மீளும், அது உண்மை. போதுமான அளவு ஏற்கெனவே உள்ள குழந்தைக்குக் கூடுதலாகக் கொடுத்தால் உயரம் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் 2020 அலசலிலும் உயரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

சளிக்காகக் கொடுப்பதும் அதே ரகம்தான். டொராண்டோவில் ஒன்று முதல் ஐந்து வயதுவரையான குழந்தைகளுக்கு 400க்குப் பதில் 2000 ஐ.யு. கொடுத்தும் குளிர்காலச் சளி குறையவில்லை என்று 2017இல் சொன்னார்கள். மங்கோலியாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாரம் 14,000 ஐ.யு. வீதம் மூன்று வருடம் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் அளவு குறைவாகவே இருந்தது, கொடுத்ததும் நன்றாக ஏறியது. ஆனால் காசநோய்த் தொற்றும் குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை. ரத்தத்தில் எண் ஏறியதற்காகச் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று. சிமென்ட் மூட்டை வர வழி திறந்தாகிவிட்டது, ஆனால் மூட்டையே இல்லை என்றால்? நைஜீரியாவில் நல்ல வெயிலில் திரியும் குழந்தைகளுக்கே ரிக்கெட்ஸ் வந்தது. 1999இல் வெளியான ஆய்வில் அவர்களுக்கு வைட்டமின் டி மட்டும் கொடுத்ததைவிடக் கால்சியம் கொடுத்ததில் நன்றாகக் குணம் தெரிந்தது. ஒன்று முதல் மூன்று வயதுவரை நாளைக்கு 700 மில்லிகிராம், நாலு முதல் எட்டுவரை 1000, அதற்குமேல் 1300 மில்லிகிராம் கால்சியம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. சொட்டை வருடக்கணக்கில் தவறாமல் கொடுத்துவிட்டு, கால்சியம் உள்ள உணவைத் தட்டில் வைக்காமல் விட்டால் கதவு சும்மா திறந்துகிடக்கும்.

நாங்கள் எடுத்த முடிவு

ஒரு வயதுவரை யோசனையே இல்லை, தினமும் 400 சொட்டு. அந்த வயதில் வெயில் வேண்டாம், தட்டு இன்னும் வரவில்லை, பெரிய டோஸுக்குக் காரணமில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அளவு வேறுபடும், அதை மருத்துவர்தான் சொல்வார்.

ஒரு வயதுக்குமேல் ஒவ்வொரு வீடும் ஒரு வாரத்தைத் தாளில் எழுதிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நாங்கள் எழுதினோம். நிழல் குட்டையாக இருந்த நேரத்தில் அவள் வெளியே இருந்தது வாரத்தில் மொத்தம் ஐம்பது நிமிடம், அதிலும் பாதி நேரம் முழுக்கை உடுப்பு. செறிவூட்டிய பால் கிடையாது. மீனை வாயில் வைத்ததும் துப்பினாள். ஆக, சொட்டு தொடர்கிறது, 600 ஐ.யு.க்கு. விடுமுறையில் நாள் முழுக்க வெளியில் கிடக்கிற மாதங்களில் நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். நிறுத்தினாலும் சரி, தொடர்ந்தாலும் சரி, மூன்று வயதுவரை 2500தான் உச்சவரம்பு, வெயில் அதற்குமேல் கொண்டுபோகாது என்றார். சோம்பேறித்தனம் ஜெயித்தது, தொடர்கிறோம்.

புதுப் பாட்டில் வாங்கும் ஒவ்வொரு தடவையும் கணவரும் நானும் ஆளுக்கொரு தடவை லேபிளைச் சத்தமாகப் படித்து, டிராப்பரில் அளவுக் கோட்டை அழியாத பேனாவால் கீறிவிடுகிறோம். போன மாதப் பாட்டில் மறுபடியும் ஒரு மில்லிக்கு 400. கோடு ஒன்றரை மில்லியில் வர வேண்டும், டிராப்பரோ ஒரு மில்லிதான் பிடிக்கும். இரண்டு தடவையாகக் கொடுக்கிறோம். இரண்டாவது தடவைக்குள் மகள் மேசைக்கு அடியில் போய்விடுகிறாள்.